பொட்டு வைத்த பிளாப்பி

இருபத்தோரு நாள் பேசாமல் இருந்த புருஷன் விடிந்ததும் விடியாததுமாக வாயைத் திறந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் கையும் ஓடும், காலும் ஓடும்? வசந்தாமணிக்கு இரண்டுமே ஓடவில்லை.

"உன்ற தட்டுக்கும் பொட்டு வெச்சிருக்கறேன். சாமி கும்பிட்டுட்டு எடுத்துக்க" என்றான் மயில்சாமி.

நடுவில் ஊருக்குப் போய்விட்டு இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. வசந்தாமணி சேலம் அஸ்தம்பட்டியில் கண்ணுசாமி முதலாளியின் போர்வெல் கம்பெனியில் பதினோரு வருஷமாக டைப்பிஸ்ட். நாமகிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும், ஆபீசுக்கு அடுத்த தெருவில் இருந்த பயிற்சி நிலையத்தில் சத்தமில்லாமல் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. பஸ் லேட் என்றே சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போயிற்று. மஞ்சள் மண்டியில் யாரோ ஒருவர், "என்னப்பா, உங்க ஊட்டுக்காரம்மா கம்ப்யூட்டர் படிக்குதாமா?" என்று மயில்சாமியிடம் கேட்டுவிட்டார்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். "ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத்தான் கடசியா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தேன்மொழிதான் தபால்காரி. "தேனு, உங்கம்மாகிட்டச் சொல்லு, மோட்டாருக்கு ஆள் வருதுன்னு." "தேனு, உங்கப்பாகிட்டக் கேளு, இன்னொரு தோசை வேணுமான்னு."

அப்படிப்பட்டவன் இன்றைக்கு நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். வசந்தாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு சாமி படத்துக்கு முன்னால் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

நேற்று ஆயுத பூஜை. மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர்கள், டி.வி.எஸ். வண்டியின் சாவி, தேன்மொழியின் பாடப் புத்தகங்கள் எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். மகளின் புத்தகங்களுக்கு நடுவில் வசந்தாமணி தன் பிளாப்பியையும் காகித உறையோடு சொருகி வைத்திருந்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்புச் சதுரத் தட்டு. கம்ப்யூட்டரில் அடித்ததெல்லாம் அதில்தான் பதிந்திருக்கும்.

இப்போது அது உறைக்கு வெளியே, புத்தகங்களின் உச்சியில், பட்டத்து ராணியாக வீற்றிருந்தது. மேலே மூன்று விரலால் இழுத்த சந்தனம். நடுவில் நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு. உள்ளே இருக்கும் தகடு வெளியே தெரிகிற இடம். எந்திரம் அந்தத் திறப்பு வழியாகத்தான் படிக்கும். அங்கே விரல் நுனிகூடப் படக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். குங்குமம் மிகச் சரியாக அங்கேதான் இருந்தது, தாராளமாக.

"உறையோட வெச்சா உறைக்குத்தான பூசை? அதனால வெளிய எடுத்தேன்" என்றான் மயில்சாமி பின்னாலிருந்து. "அந்த ஓட்டைல வெச்சாத்தான் லட்சணமா இருந்துச்சு."

"அப்பா! அதுமேல போயி..." என்று ஆரம்பித்தாள் தேன்மொழி. வீட்டில் அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது என்று அம்மா அவளிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தாள்.

வசந்தாமணி மகளின் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

மயில்சாமியின் முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. இருபத்தோரு நாளாக அதைப் பார்க்காதவளுக்கு அது போதும். அந்த நிமிஷம் பிளாப்பி போனால் போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அது ஒரு நிமிஷம்தான்.

போனால் போகட்டும் என்று விடக்கூடியதா அது? கண்ணுசாமி முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அம்மிணி, விஜயதசமியன்னைக்குப் பத்தரை மணிக்குப் புது மெஷினைத் தொடறோம். வடக்க இருக்கற நம்ம ஏஜெண்டுங்க நாப்பத்தெட்டுப் பேருக்கும் தீவாளி வாழ்த்துக் கடுதாசி அதுலதான் போகோணும். நீ ஓட்டிக் காட்டீட்டா மெஷின் உன்னுது. இல்லாட்டி கம்ப்யூட்டர் வித்தவன் ஒரு பையன அனுப்பறேங்கறான், அவன வெச்சுக்கறேன். பொறவு இந்த டைப்ரைட்டருக்கு இங்க வேலையில்ல." டைப்ரைட்டருக்கு வேலையில்லை என்றால் டைப்பிஸ்டுக்கும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை. அவள் புரிந்துகொண்டாள்.

கடிதத்தை ஒரு முறை அடித்துவிட்டு, பெயர், முகவரிகளைத் தனியாக அடித்து வைத்துவிட்டால் போதும். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பேருக்கும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுத்துவிடும். அந்தக் கடிதமும் நாற்பத்தெட்டு முகவரிகளும்தான் பிளாப்பியில் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசின் முகவரிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பயிற்சி நிலையத்துக்கு ஓடி, ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது.

இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று வாத்தியார் சொல்லாமல் இல்லை. டைப்ரைட்டரில் கார்பன் தாளைச் சொருகினால் அடிக்கும்போதே பிரதி விழுந்துவிடும். இதில் அதற்கென்று தனியாக உட்கார வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். பதினோரு வருஷப் பழக்கம் அவளைச் சோம்பேறி ஆக்கியிருந்தது.

அவள் பிளாப்பியைப் பட்டும் படாமலும் எடுத்து உறையில் போட்டு, பைக்குள் வைத்தாள்.

"நானும் வாரேன்" என்றான் மயில்சாமி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே.

"எங்கீங்க?"

"சேலத்துக்குத்தான். நீ படிக்கற எடத்தப் பாக்கோணும். உன்ற ஆபீசுலயும் மெஷினைத் தொடறாங்கன்னு தேனு சொல்லுச்சு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்த வார்த்தைக்கு அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள்.

ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் அவளுக்குப் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. மயில்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு நேர் பின்னால் நின்றான். பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். சொல்லிவிடலாமா? சொன்னால் அவன் கோபப்பட மாட்டான். கூனிக் குறுகிப் போய்விடுவான். இறங்கி வந்து ஒரு கை நீட்டிய மனிதனிடம், நீ நீட்டிய கைதான் என் பிழைப்பைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது? அப்புறம் அந்த வாய் எத்தனை இருபத்தோரு நாளைக்கு மூடிக்கொள்ளுமோ. சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். அவனை எங்கேயாவது டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, வாத்தியார் அருணகிரியிடம் ஓடிப் போய் வழி கேட்க வேண்டியது.

ஏற்காடு ரோட்டில் இறங்கியதும், "நீங்க டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க. நான் முன்னால போறேன்" என்றாள்.

"டீ கெடக்குது. நட."

பயிற்சி நிலையம் மாடியில் இருந்தது. விஜயதசமி என்பதால் புதிதாகச் சேர வந்தவர்கள் படியெல்லாம் தட்டும் வெற்றிலை பாக்குமாக நின்றார்கள். வாத்தியார் அருணகிரிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வசந்தாமணியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் முதல் நாள் வரி முடியும்போதெல்லாம் டைப்ரைட்டர் பழக்கத்தில் இடது கையைத் தூக்கி, இல்லாத கைப்பிடியைத் தள்ளப் போய்த் திரையின் விளிம்பில் இடித்துக்கொண்டதைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடிக்கும்.

மயில்சாமி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் பிளாப்பியை அருணகிரியிடம் நீட்டினாள்.

"ஐயையோ!" என்றான் அவன், மாடிக்கே கேட்கிற மாதிரி. "யாருக்கா இந்த வேலையப் பண்ணுனது? இத மெஷினுக்குள்ள உட்டா மெஷினும் சேந்து போயிரும். எந்தப் புத்தியுள்ளவனாச்சும்..."

"மெதுவாப் பேசு தம்பி. நாந்தான். பூசைல வெச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"நீங்களா? விரல் படக் கூடாதுன்னு மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுப்பீங்களே!"

"அவ பண்ணுல தம்பி."

வாசலில் வெறுங்காலோடு மயில்சாமி நின்றிருந்தான்.

"பொட்டு வெச்சது நானு" என்றான். "என்னைத் திட்டுங்க."

அருணகிரி நாக்கைக் கடித்துக்கொண்டான். வசந்தாமணி தரையைப் பார்த்தாள். மயில்சாமி அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"காலைலயே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா நல்லாருக்குதுன்னு சொன்ன?"

"நல்லாத்தான் இருந்துதுங்க" என்றாள். அது பொய்யில்லை. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மயில்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அருணகிரியிடம் திரும்பி, "இதுக்கு என்ன வைத்தியம்? சொல்லுங்க, என்ன செய்யோணுமோ செய்யறேன்" என்றான்.

வைத்தியம் ஒன்று இருந்தது. நிச்சயமில்லை என்று சொல்லிக்கொண்டே அருணகிரி அதைச் செய்தான். பிளேடால் கறுப்பு உறையின் ஓரத்தைக் கிழித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை வெளியே எடுத்தான். பழுப்பு நிறத்தில், அப்பளத்தைவிட மெல்லிசாக இருந்தது. இவ்வளவுதானா என்று மயில்சாமி ஆச்சரியப்பட்டான். விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு குழாயடியில் தண்ணீரை மெல்ல வழிய விட்டார்கள். சந்தனம் உடனே போயிற்று. குங்குமம் சிவப்பாக வழிந்து வழிந்து, கடைசியில் அதுவும் போயிற்று.

"வெயில்ல வெக்கக் கூடாதுங்கண்ணா. தொடைக்கவும் கூடாது. தானாக் காயோணும். காஞ்சதும் வேற புது உறைக்குள்ள போட்டுப் பாக்கலாம். எப்படியும் ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அப்பவும் வரும்னு என்னால சொல்ல முடியாது."

"நெழல்ல, காத்துல. அவ்வளவுதான? மஞ்சளோட மல்லுக்கட்டறவனுக்குக் காய வெக்கறதச் சொல்லித் தரோணுமா? குடுங்க" என்றான் மயில்சாமி. நடுத் துளையில் ஒரு பென்சிலைச் சொருகி, ஜன்னலோரமாக ஸ்டூலைப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பச்சைக் குழந்தையைக் கையில் கொடுத்தமாதிரி அசையாமல் உட்கார்ந்தான்.

சுவரில் மணி எட்டே கால். பத்தரைக்கு முதலாளி கற்பூரம் காட்டிவிடுவார்.

கடிதம் பத்து வரிதான். அதைத் திரும்ப அடிப்பது ஒன்றும் பெரிதில்லை. முகவரிகள்? பதிவேடு ஆபீசில் பூஜையில் இருந்தது. சிவப்பு நாடாவால் கட்டி, சந்தனம் வைத்து, லட்சுமி படத்துக்கு முன்னால். முதலாளி பத்தரைக்கு முன்னால் அதை எடுக்க விட மாட்டார். கெஞ்சினால்கூட அபசகுனம் என்று இன்னும் கோபப்படுவார்.

"புது பிளாப்பி ஒண்ணு குடு தம்பி" என்றாள் வசந்தாமணி. "மனசுல இருந்தே அடிக்கறேன்."

"நாப்பத்தெட்டுமாக்கா?"

"பதினோரு வருசமா அந்தக் கவருங்களுக்கு வேற யாரு அட்ரஸ் அடிச்சது?"

சொல்லிவிட்டாளே தவிர, உட்கார்ந்ததும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. திரையில் பச்சைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தாள். ஜெய்ப்பூர் என்று நினைத்தாள். விரல் ஓடியது. ஜோத்பூர், அஜ்மீர், உதய்ப்பூர் எல்லாம் தானாகவே வந்தன. மனசுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு முகவரி முடிந்ததும் மறக்காமல் பதிந்துவைத்தாள். இடது கை இரண்டு முறை பழக்கத்தில் மேலே எழும்பியது. இரண்டு முறையும் அதைத் திட்டி இறக்கினாள்.

ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது ஜன்னலோரமிருந்து மயில்சாமி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவளுக்கு வேலை கிடைத்துப் பதினோரு வருஷம். அவள் டைப் அடித்து அவன் பார்த்ததேயில்லை. அவளுக்குப் புதுப்பெண் மாதிரி வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கட்டாக் முகவரியை அடித்தாள்.

அதோடு நின்றுவிட்டது.

நாற்பத்தொன்று ஆகியிருந்தது. ஏழு பாக்கி. கட்டாக்குக்கு அப்புறம் யார்? கண்ணை மூடினாள், திறந்தாள், மூடினாள். கை மரத்துப்போனமாதிரி கிடந்தது. மணி ஒன்பதே முக்கால். அருணகிரி பக்கத்தில் வந்து நின்று, நிற்பது அவளுக்கு இன்னும் பதட்டம் என்று புரிந்து நகர்ந்துபோனான்.

"சம்பல்பூரு" என்றது ஜன்னல் பக்கத்துக் குரல்.

அவள் திரும்பினாள்.

"கட்டாக்கு முடிஞ்சாச் சம்பல்பூரு. பொறவு ராய்ப்பூரு ரெண்டு பேரு. ஒருத்தரு ஸ்டேஷன் ரோடு, இன்னொருத்தரு என்னமோ பாரா. அதுக்கப்பறம் பிலாஸ்பூரு, துர்க்கு, ஜபல்பூரு. கடசியா ராஞ்சி."

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"மாவாட்டறப்ப, மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப எல்லாம் முணுமுணுத்துட்டே இருப்பியே. தெனமும் அதே வரிசைல." பென்சிலில் தொங்கும் தகட்டை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் பேசாமத்தான இருந்தேன். கேக்காம இருந்தேன்னு யாரு சொன்னது?"

வசந்தாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சம்பல்பூரை அடித்தாள். ஊர்ப் பெயர் கிடைத்ததும் மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது. ராஞ்சியை முடித்தபோது பத்தாக ஐந்து நிமிஷம்.

சோதனைக்கு ஒரு கடிதத்தை அச்சடித்துப் பார்த்தாள். 'அன்புள்ள ஸ்டேஷன் ரோடு அவர்களுக்கு' என்று இங்கிலீஷில் மரியாதையாக வந்தது. அருணகிரி இந்த முறை சிரித்தேவிட்டான். பேருக்கு நடுவில் பழக்கத்தில் ஒரு கமா போட்டிருந்தாள். எந்திரத்துக்குக் கமா வந்தால் அடுத்த கட்டம் என்று அர்த்தம், ஆளை விட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. அப்படிப் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். பத்தே கால்.

"நீ ஓடு" என்றான் மயில்சாமி. "இது இன்னும் ஈரமாத்தான் இருக்குது. காயற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

"எனக்குத்தான் வேலை ஆயிருச்சுங்களே. இனி அது எதுக்குங்க?"

"கெடுத்தவன் நானு. சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

ஆபீசில் கற்பூரம் அடங்கும் நேரத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தாள். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. சந்தனம் கொண்டுவந்தவரிடமிருந்து கிண்ணத்தை அவளே வாங்கி, மேசையின் காலில் பொட்டு வைத்தாள். முதலாளி ஏன் என்பதுபோலப் பார்த்தார். "மெஷினுக்கு இங்க வெச்சாப் போதுமுங்க" என்றாள்.

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முதல் கடிதத்தை இறக்கியது. இரண்டாவது. மூன்றாவது. கண்ணுசாமி முதலாளிக்கு எழுத்தைவிட எண்ணிக்கை முக்கியம். பக்கத்திலேயே நின்று, கிழித்துக் கிழித்து எண்ணினார். பெயரைப் பார்த்தார். பதிவேட்டின் நாடாவைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். நாற்பத்தெட்டாவது ராஞ்சி வந்து விழுந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மிணி, அந்த டைப்ரைட்டரை உறை போட்டு அக்கட்டால வெய்யி" என்றார். "இந்த நாற்காலி இனி உன்னுது. அந்தப் பையனுக்கு வேண்டாம்னு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

அவள் கும்பிட்டாள். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், மயில்சாமி வேகவேகமாக எதிரே வந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் புது உறை போட்ட பிளாப்பி. கையில் இரண்டு தாள்கள்.

"என்னாச்சு?" என்றான், மூச்சு வாங்க.

"நாற்காலி என்னுதுங்க."

அவன் நடுரோட்டில் நின்று அவள் தலையில் கை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"இதும் பொழச்சிருச்சு" என்றான், பையைத் தட்டிக்காட்டி. "அந்தத் தம்பி மெஷினுக்குள்ள உட்டான். முகவரியெல்லாம் வருலியாமா. இன்னொன்னு என்னமோ இருந்துது, அது மட்டும் வந்துது. வருதான்னு பாக்கறதுக்கு அச்சடிச்சான். அடிச்சுட்டு, படிச்சுப் பாத்தவன் ஒரு மாதிரி ஆயிட்டான். 'அண்ணா, இத அக்காகிட்டயே குடுத்துருங்க'ன்னு மடிச்சுக் குடுத்துட்டான்."

வசந்தாமணி தாளைப் பார்த்தாள்.

காலையிலிருந்து அந்தப் பிளாப்பியைப் பற்றி ஆயிரம் நினைத்தவள், இதை மட்டும் நினைக்கவில்லை. விரல் பழகுவதற்கு முதல் பத்து நிமிஷம் எதையாவது அடியுங்கள் என்பான் அருணகிரி. மற்றவர்கள் பாடப் புத்தகத்தைப் பார்த்து அடித்தார்கள். இவள் புருஷனிடம் பேச முடியாததையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்துவந்தாள்.

"இங்கிலீசுல என்ன எழுதியிருக்கற?" என்றான் மயில்சாமி.

ஆபீஸ் கடுதாசி என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால் காலையில் சொன்ன ஒரு பொய்யே அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பஸ் நிறுத்தத்துப் புளியமர நிழலில் அவனை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தாளைப் படித்தாள்.

"நாலாவது நாள். கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லாமச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சீங்க. திட்டியிருந்தாத் தேவலை.

"ஒம்பதாவது நாள். மழை. பஸ் ஸ்டாண்டுல கொடையோட நின்னுட்டு இருந்தீங்க. என்ற கையில குடுத்துட்டு நீங்க முன்னால நனஞ்சுட்டே நடந்தீங்க. கொடைக்குள்ள ரெண்டு பேருக்கு எடமிருந்துது.

"பதினஞ்சாவது நாள். உங்ககிட்ட மொதல்ல சொல்லாதது என்ற தப்புத்தான். நீங்க வேண்டான்னு சொல்லிருவீங்கன்னு பயம். வேண்டான்னு நீங்க சொன்னாலும் நான் படிச்சிருப்பேன். நெசமா அதுதான் பயம்."

முதல் தாள் அவ்வளவுதான். மயில்சாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு நுனி ஈரமாக இருந்தது.

"சொல்லியிருந்தா வேண்டான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். "அதுவும் நெசந்தான்." பிறகு, "இன்னொரு தாள் இருக்குதே" என்றான்.

இருந்தது. அவன் கையில். பத்தொன்பதாவது நாள் அடித்தது. தீபாவளி கழிந்ததும் தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கே வந்துவிடப் போவதாகவும், ஃபேர்லாண்ட்ஸ் பக்கம் ஒரு அறை பார்த்து வார்த்தையும் கொடுத்துவிட்டதாகவும் அதில் இருந்தது. இனிமேல் அந்த வீட்டில் சுவரோடு பேச முடியாது என்றும் இருந்தது. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் அன்றைக்கு உண்மை.

ராசிபுரம் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. வசந்தாமணி கையை நீட்டினாள். "அது ஒண்ணுமில்லீங்க. குடுங்க, பைல வெச்சுக்கறேன்."

"நீ படிக்க வேண்டாம். ஒருக்காப் படிச்சது போதும்" என்று அவன் தாளை நான்காக மடித்தான். சட்டைப் பையில், பிளாப்பிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டான். "சாயந்தரம் தேனு படிக்கட்டும். அவங்கம்மா என்ன மாதிரி எழுதறான்னு புள்ளைக்கும் தெரியோணுமல்ல?"

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவனே ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொண்டலாம்பட்டி தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தான். மஞ்சள் பயிர், தேன்மொழியின் படிப்பு, அந்த எந்திரத்தில் தமிழ் எழுத்து எப்போது வரும் என்று இருபத்தோரு நாள் பாக்கியை மொத்தமாகப் பேசினான். அவள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள். கண் மட்டும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

தேன்மொழி அம்மாவின் மகள். இங்கிலீஷ் எழுத்தில் எதைக் கொடுத்தாலும் தங்குதடையில்லாமல், சத்தமாகப் படிப்பாள்.